முழி வைக்காத சிலை

டப்பாவைத் திறக்காதீர்கள், பெயிண்டர் தம்பி. முதலில் ஒரு விடுகதை போடுகிறேன். அதற்குப் பதில் சொல்லுங்கள். அப்புறம் வேலை.

அம்மா குதிரை. அப்பா கழுதை. பிள்ளை மலை ஏறும், மூட்டை சுமக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்காது. அது என்ன?

யோசியுங்கள். அவசரம் இல்லை. குதிரைக்குட்டியா? அப்பா கழுதை என்று சொன்னேனே, காதில் விழவில்லையா? தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. ஊரே கூடியிருந்தது. மைக்கில் என் தம்பி மகள் கேட்டாள். எட்டு வயசு. என்னைத்தான் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். இந்த ஊரில் பிள்ளை பிறக்காது என்று யார் எங்கே சொன்னாலும் எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்பும். பச்சையம்மாள் என்றால் அதுதான் அடையாளம்.

விடை அந்தச் சாக்குக்கு உள்ளே இருக்கிறது. தொடாதீர்கள்! பீடத்தைச் சுற்றிச் சாக்குக் கட்டியவள் நான். அவிழ்க்கும்போது நானே அவிழ்ப்பேன். நீங்கள் மேலே பாருங்கள். சிலையின் முகத்தைப் பாருங்கள். என்ன இல்லை?

தொப்பி இருக்கிறது. மீசை இருக்கிறது. தோளில் துப்பாக்கி இருக்கிறது. கண்ணில் முழி இல்லை. வெறும் வெள்ளை. அதை வைக்க உங்களைக் கூப்பிடவில்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதை நீங்கள் வைக்கக் கூடாது. நானும் வைக்கக் கூடாது. கீழே பீடத்துக்கு வெள்ளை அடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அடிக்கலாமா வேண்டாமா என்பதை நான் பேசி முடித்த பிறகு சொல்கிறேன்.

நீங்கள் திருப்பத்தூர்க்காரர், எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. சண்டையில் செத்தவனுக்குக் கல் நடுகிற ஊர் இது. ஏரிக்கரையில் பழைய கல் ஒன்று நிற்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். மாடு ஓட்டிக்கொண்டு போன திருடர்களோடு மல்லுக்கு நின்று செத்தவன். கையில் வில், காலடியில் அவன் நாய். அந்தக் காலத்திலிருந்து ஒரு வழக்கம். கல்லானாலும் சிமெண்டானாலும் எல்லா வேலையும் முடித்துவிட்டு முழியை மட்டும் விட்டுவிடுவார்கள். செத்தவனுடைய பிள்ளை வந்து வைக்க வேண்டும். வீட்டு விளக்கில் கரி பிடித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, அந்த மையால் வைக்க வேண்டும். ஒரு தடவைதான். வைத்த கையோடு மிச்ச மையை மண்ணில் ஊற்றிவிடுவார்கள். இரண்டாம் தடவை கிடையாது. செத்தவனுக்குப் பிள்ளை இல்லையென்றால் அவன் அக்காள் தங்கை பெற்ற பிள்ளை வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் முழி இல்லாமல் நிற்க வேண்டியதுதான். முழி இல்லாத சிலைக்கு மாலை கிடையாது, பொங்கல் கிடையாது. காக்காய் உட்கார ஓர் இடம், அவ்வளவுதான்.

பாருங்கள், இப்போதும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ச்சூ! போ!

வேடியப்பன் என் தம்பி. அவனைப் பெற்ற கையோடு எங்கள் அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பாவாடை கட்டுகிற வயசு. ஒரு இடுப்பில் குடம், மறு இடுப்பில் அவன். தலையில் விறகுக்கட்டு இருந்த நாளும் உண்டு. கீழே இறக்கிவிட்டால் அழுவான், அதனால் இறக்கவில்லை. மூட்டை சுமக்கிற மாதிரி சுமந்தேன்.

அப்புறம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். நானாகத்தான் வந்தேன். மாமியாரைக் கடித்துவிட்டேன், அதனால் வந்தேன். ஆமாம், பல்லால்தான். முழங்கைக்குக் கீழே. தம்பி என்னைப் பார்க்க ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தான். சின்னப் பையன், கால் எல்லாம் புழுதி. சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தேன். அந்தம்மா தட்டை நகர்த்திவிட்டு, "அக்கா வீட்டுல தின்னே வளந்துடலாம்னு பாக்கறியா?" என்றாள். கடித்தேன். இன்றைக்குக் கேட்டாலும் கடிப்பேன்.

வந்த பிறகு அவனை நான் சும்மா வளர்க்கவில்லை. கண்டிப்பாக வளர்த்தேன். ஏரிக்குப் போகக் கூடாது, சினிமா கூடாது, எவன் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மீசை முளைத்த பிறகும் தலைக்கு எண்ணெய் நான்தான் வைப்பேன். நெளிவான். நெளிந்தால் குட்டு வைப்பேன். கூட்டாளி என்று எவனாவது வாசலுக்கு வந்தால் துடைப்பத்தோடு நிற்பேன். அத்தனை பாசமாக வளர்ந்த பிள்ளை, ஒருநாள் காலையில் புல் அறுத்து வருகிறேன் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனான். அரிவாளைப் புளியமரத்தில் செருகிவிட்டு வேலூரில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போய் ஓடியிருக்கிறான். எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தானாம். அப்படி எதற்கு ஓடினான், என்னிடம் ஏன் சொல்லவில்லை, இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. யாரோ மனசைக் கெடுத்திருக்கிறார்கள்.

சரி, ராணுவம்தானே. இந்த ஊரில் பாதி வீட்டில் ராணுவம் உண்டு. பக்கத்து வீட்டு ருக்குமணியின் மகன் பீரங்கிப் படையில் இருக்கிறான். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் கழுத்து நிமிர்ந்துவிட்டது. என் தம்பி முதல் லீவில் வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தான். தின்பண்டம், கம்பளி எல்லாம் வாங்கி வந்தான். நான் கேட்டேன்.

"துப்பாக்கி குடுத்தாங்களாடா?"

"குடுத்தாங்கக்கா. சுடவும் கத்துக் குடுத்தாங்க. ஆனா என் வேலை அனிமல் டிரான்ஸ்போர்ட்."

"அப்படின்னா?"

"கோவேறு கழுதைக்கா. வண்டி போகாத மலை மேல போஸ்ட் இருக்கும். மாவு, மண்ணெண்ணெய், மருந்து எல்லாத்தையும் அதுமேல ஏத்திக்கிட்டு நாங்க நடந்து போவோம்."

"மெதுவாப் பேசுடா."

"ஏன்கா?"

"ருக்குமணி செவுத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறா. கழுதை மேய்க்கிறதுக்கா அவ்ளோ தூரம் போன? அதை இங்கயே மேய்ச்சிருக்கலாமே, டோபி வீட்டுல கேட்டா குடுத்திருப்பானே."

சிரித்தான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. "அக்கா, அது மேல ஏறலன்னா மேல இருக்கறவனுக்குச் சோறு இல்லக்கா."

"சோறு போடறவனுக்கு எவன்டா சிலை வெப்பான்? வெளிய மூச்சு விடாத. பார்டர்ல இருக்கேன்னு மட்டும் சொல்லு."

சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அதற்கப்புறம் தன் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன் வந்தால், "அக்கா, சாப்ட்டியா? முட்டி வலி எப்படி?" அதோடு சரி. அதுதான் மரியாதை.

பொண்டாட்டியிடமும் மகளிடமும்தான் பேசுவான். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, மூன்று பேரும் சிரிப்பார்கள். நான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பேன். அப்படி என்ன சிரிப்பு? நான் கேட்டதில்லை. எனக்கென்ன வந்தது?

மேகலாவைக் கட்டி வைத்ததும் நான்தான். ஊத்தங்கரைப் பக்கம். அங்கன்வாடியில் வேலை. அடக்கமான பெண் என்று சொன்னார்கள். அடக்கம்! பேச மாட்டாள், ஆனால் வளையவும் மாட்டாள். குரலை ஏற்றாமல் "இல்லீங்க அண்ணி" என்பாள். அந்த "இல்லீங்க"வுக்குப் பதிலாக இரண்டு அறை வாங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. சுவரெல்லாம் கரியால் படம் வரைவாள், யானை, ஆடு, மயில். மகளுக்கும் அதே புத்தி. நான் தீபாவளிக்கு வெள்ளை அடிப்பேன், பொங்கலுக்குள் அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு காட்டையே கொண்டுவந்துவிடுவார்கள்.

அப்புறம் அந்தச் செய்தி வந்தது.

அதை விடுங்கள். பெட்டி வந்தது, கொடி போர்த்தி வந்தது, துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அந்தக் கொடியை மடித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு மடிப்பு. பெரிய அதிகாரி அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். நான் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றேன். அந்த மனுஷன் என்னைத் தாண்டிப் போனார். தாண்டி. போய் மேகலா கையில் கொடுத்தார். அவள் அவனோடு இருந்தது எத்தனை நாள்? லீவு நாளைக் கூட்டினால் இரண்டு வருஷம் வருமா? இடுப்பில் தூக்கியவள் நான். விரித்த முந்தானையை எப்படிச் சுருட்டுவது என்று தெரியாமல் நின்றேன். ருக்குமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட வந்தவர்களில் ஒரு ஹவில்தார் நம் பக்கத்து ஆள். தேனிக்காரர், பாண்டீஸ்வரன் என்று பெயர். எல்லாம் முடிந்த பிறகு எங்களை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னார்.

"பனி உருகுற சமயம்மா. பாதை ஒரு ஆள் அகலம்தான். வரிசையா ஏறிக்கிட்டிருந்தோம். மேலருந்து மண்ணு சரிஞ்சது. வேடியோட மிருகத்துக்குப் பின்னங்கால் ரெண்டும் பாதைய விட்டு இறங்கிருச்சு. கயித்த விட்டிருந்தா அவன் பொழச்சிருப்பான். விடல. கத்திய எடுத்துச் சுமைக் கயித்த அறுத்தான். பாரம் கழண்டதும் அது ஒரே எம்பா எம்பி மேல வந்துருச்சு. சுமை அவனையும் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு."

அவரே மேலும் சொன்னார்.

"எந்த இடத்துல கெடக்கான்னு எங்களுக்குத் தெரியல. எல்லாம் ஒரே மண்ணு. ஆனா அந்த மிருகம் விளிம்ப விட்டு நகரலம்மா. இழுக்கப் போனவனையெல்லாம் கடிச்சிச்சு. தண்ணி வெச்சோம், குடிக்கல. விடிஞ்சும் அங்கயேதான் நின்னுச்சு. அது மூஞ்சிய நீட்டிக்கிட்டு நின்ன பக்கமாத் தோண்டினோம். அங்கதான் இருந்தான்."

மேகலா குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதில் என்ன அதிசயம்? அவன் உள்ளே கிடக்கிறான், அது நின்றது. நானாக இருந்தாலும் நின்றிருப்பேன். இழுக்க வந்தவனை நானும்தான் கடித்திருப்பேன். அதை வாய்விட்டே சொன்னேன். ஹவில்தார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீங்கதான் அவனோட அக்காவா?"

"ஆமா. என்ன இப்ப?"

ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது வாசலில் பிடித்து, "இந்தக் கழுதைக் கதைய ஊருக்குள்ள சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். ஊரிடம் நான் வேறு சொன்னேன். எதிரி சுட்டான், இவனும் சுட்டான், மூன்று பேரை வீழ்த்திவிட்டுத்தான் விழுந்தான் என்றேன். பொய் என்று பார்க்காதீர்கள். செத்தவனுக்குச் செய்கிற சீர் அது.

சிலைக்கும் நான்தான் ஓடினேன். கிருஷ்ணகிரி ரோட்டில் சாமி சிலை செய்கிறவரைப் பிடித்து, நின்று செய்ய வைத்தேன். அவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சாதுவான முகமா இருக்கேம்மா" என்றார். "அப்ப மீசையப் பெருசாப் போடுங்க" என்றேன். போட்டார். கொண்டுவந்து இறக்கியதும் மேகலா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணி, இது யாரு?"

"கண்ணு தெரியலயா? உன் புருஷன்."

"அவருக்கு இவ்ளோ பெரிய மீசை இல்லீங்களே."

"வீரனுக்குச் செத்த பொறவு வளரும்."

"துப்பாக்கி வேணாம்னு சொல்லல. கீழ அதையும் வெக்கச் சொல்லுங்க. அதோட கயித்த அவர் புடிச்சிருக்கற மாதிரி."

"எதை?"

"கோவேறு கழுதைய."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். "என் தம்பிய ஊர் நடுவுல கழுதைக்காரனா நிக்க வெக்கச் சொல்றியா?"

"ஏரிக்கரைக் கல்லுல நாய் இருக்குதே அண்ணி. பொங்கல் வெச்சா முதல் பருக்கைய அந்த நாய்க்குத்தானே போடறோம்."

"நாயி வீரமான ஜாதி. எதிரியக் கடிக்கும்."

"இதுவும் கடிக்கும் அண்ணி."

குரலை ஏற்றாமல்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நீ வாசல்படி மிதித்த நேரம்தான் அவன் மண்ணுக்குள் போனான் என்றேன். தாலி ஏறிய கழுத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு, கொடியையும் அவன் டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, ஊத்தங்கரைக்குப் போய்விட்டாள். போகட்டும் என்று விட்டேன். ரோஷம்! அவளுக்கு மட்டும்தான் இருக்கிறதா?

ஆனால் முழி வைக்க வேண்டுமே. பிள்ளை கை வேண்டுமே. என் வயிற்றில் ஒன்று பிறந்திருந்தால் எவள் காலிலும் விழ வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற சுபேதார் கன்னியப்பன் எங்கள் ஊருக்குப் பெரிய மனுஷன். அவரைத் தூது விட்டேன். மேகலா வருகிறேன் என்றாள். ஒரே நிபந்தனை. மகள் இனியாவுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன், அண்ணியும் சொல்லக் கூடாது, பிள்ளை மனசுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி வைக்கட்டும் என்றாள். சரி என்று சத்தியம் செய்தேன்.

முதல் நாளே வந்துவிட்டார்கள். பிள்ளைக்குப் புதுப் பாவாடை, கைநிறைய வளையல் வாங்கி வைத்திருந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். அப்பன் மாதிரியே நெளிந்தாள். மேகலா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, ரகசியமாகத்தான், பிள்ளையைச் சிலைக்கு முன்னால் நிற்க வைத்து இரண்டே விஷயம் சொன்னேன். சொல்லிக் கொடுப்பது என்றால் அதுவா? இடது கண் முதலில், வலது கண் அப்புறம். முடித்ததும் மைக்கில் "எங்க அப்பா எதிரியச் சுட்டாரு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, கண்ணு வெச்சா இது பாக்குமா?"

"பாக்காம? ஊரையே பாக்கும். உன்னையும் பாக்கும்."

"அப்பா பாக்கற மாதிரியா?"

"அப்பாவேதான் பாக்கறாரு."

அப்புறம் கேட்டாள்: "தப்பான ஆளுக்கு வெச்சிட்டா, அந்த ஆளு பாப்பாரா?"

"கழுத்தத் திருகிடுவேன்" என்றேன். செல்லமாகத்தான்.

மறுநாள் பம்பை, உடுக்கை, பந்தல், மைக் செட். வெளியூர் ராணுவக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். வீட்டு விளக்கில் நானே கரி பிடித்து, நானே குழைத்த மை, வெண்கலக் கிண்ணத்தில் இருந்தது. பீடத்துக்குப் பால் மாதிரி வெள்ளை அடித்து வைத்திருந்தேன். கன்னியப்பன் நன்றாகப் பேசினார். மூன்று பேரைச் சுட்டதைப் பேசினார். மேகலா குனிந்துகொண்டே இருந்தாள். பேசி முடித்தவர் சும்மா இறங்கியிருக்கலாம். பிரியமாம்! பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் நிற்க வைத்து மைக்கை அவள் வாயருகே பிடித்தார். "அப்பாவப் பத்தி ஒண்ணு சொல்லு தாயி" என்றார்.

நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லப் போகிறாள் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். அவள் விடுகதை போட்டாள். அம்மா குதிரை, அப்பா கழுதை, பிள்ளைக்குப் பிள்ளை பிறக்காது, அது என்ன?

எல்லாத் தலையும் திரும்பியது. ருக்குமணி தலையும்தான்.

நான் சும்மா இருப்பேனா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேகலாவிடம் போனேன். "பெத்த திமிராடி? எட்டு வயசுக் கொழந்தை வாயில மலடின்னு சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்க. என் வயித்த மைக் வெச்சு ஏலம் போடறியா? என் தம்பி செத்த கல்லு முன்னாடி?"

"இல்லீங்க அண்ணி. அது அவர் போன்ல போட்ட விடுகதை."

"பொய் பேசற வாயில..." என்று கையை ஓங்கிவிட்டேன். மைக் இன்னும் பிள்ளையின் வாயருகில்தான் இருந்தது.

"கோவேறு கழுதை!" என்றாள். "யாருக்குமே தெரியலயா? எங்க அப்பாவோட கோவேறு கழுதை. அதுக்குப் பேரு பச்சை."

ஏரி மதகைத் திறந்துவிட்ட மாதிரி சிரித்தார்கள், தம்பி. ஊரே சிரித்தது. பச்சை! பச்சை! என் கை ஓங்கியபடியே நின்றது. பிள்ளைக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை, அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். "அது எல்லாரையும் கடிக்குமாம். அப்பாவ மட்டும் கடிக்காதாம். எவ்ளோ பாரம் ஏத்துனாலும் நடுவழில படுக்காதாம். இருட்டுல பாதை தெரியலன்னா அப்பா அது வாலப் புடிச்சிக்கிட்டே வந்துடுவாராம். நம்ம வீட்டுல அத்தை இருக்காங்க இல்ல, அதே மாதிரின்னு சொல்லித்தான் அந்தப் பேரு வெச்சாராம்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கன்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார். தூசி விழுந்திருக்கும், பந்தல் எல்லாம் புழுதி.

என் பேரைக் கொண்டுபோய் ஒரு கழுதைக்கு வைத்திருக்கிறான். எண்ணெய் வைத்து, சோறூட்டி வளர்த்ததற்கு அதுதான் எனக்குச் செய்த மரியாதை. போனில் அதைச் சொல்லித்தான் மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். என் மனசு ஆறவில்லை. ஆறாது. அந்தப் பச்சை இன்னும் உயிரோடு இருக்கிறதாம், அதே மலையில், வேறு யாரோ ஓட்டுகிறார்களாம். அவனைக் கடித்திருக்கும். கடிக்கட்டும்.

என்ன கேட்கிறீர்கள்? இத்தனை மாசம் ஏன் வெள்ளை அடிக்காமல் விட்டேன் என்றா? மழை பெய்தது. அப்புறம் அறுவடை. அப்புறம் எனக்கு முட்டி வலி. உங்களுக்கு முன்னால் ஒருவர் வந்தார். எண்ணெய் மை, மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் கறை ஊறி வெளியே வரும், உளியால் சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்றார். சுரண்டுவதா? உளியை என் முன்னால் எடுத்தால் விரலைக் கடித்துத் துப்பிவிடுவேன் என்று சொல்லித் துரத்திவிட்டேன். சாக்கு எதற்கு என்றால், மழைக்கு. சாரல் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கிறது. நனைந்து அரைகுறையாக அழிந்தால் பார்க்க நன்றாக இருக்காது. அழித்தால் முழுசாக அழிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அதற்காகத்தான். வேறு எதற்கும் இல்லை.

சரி. பிடியுங்கள் இந்த முனையை. நான் முடிச்சை அவிழ்க்கிறேன். அவிழ்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம்தான் இருக்கிறது.

கன்னியப்பன் கிண்ணத்தையும் புதுப் பிரஷ்ஷையும் பிள்ளையின் கையில் கொடுத்தார். பலகைப் படி போட்டிருந்தோம். மேகலா எழுந்திருக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பம்பை அடிக்கிறவனும் நிறுத்திவிட்டான். பிள்ளை படியில் ஏறி, சிலையின் முகத்துக்கு நேரே நின்றாள். பிரஷ்ஷை மையில் தோய்த்தாள். அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வந்தாள்.

பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வெள்ளைச் சுவரில் முதுகு வரைந்தாள், வயிறு வரைந்தாள், நான்கு கால், ஒரு வால், நீளமாக இரண்டு காது. முதுகின் மேல் ஒரு மூட்டை. சிலைக்கு வைக்க வேண்டிய கண்ணை அதற்கு வைத்தாள். பக்கவாட்டில் வரைந்தால் ஒரு கண்தான் தெரியும். ஒன்றுதான் வைத்தாள். மிச்ச மையை மண்ணில் ஊற்றினாள்.